இரு வீட்டுப் பிள்ளையும் ஒரு வைத்திய அட்டையும்

பாடசாலைச் சேர்விடாப்பிலே ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கும் எதிரே பெற்றோர் அல்லது பாதுகாவலர் பெயரை எழுதுவதற்கென ஓர் இடம் உண்டு. ஒருமுறை அங்கே எழுதிய பெயரைப் பிள்ளை பாடசாலையை விட்டுப் போகும்வரை மாற்ற வேண்டியிராது என்றே அதிபர்களாகிய நாம் எண்ணிக்கொள்கிறோம். ஆனால், சில பிள்ளைகளின் வாழ்விலே அந்த இடம் நடுவில் ஒருநாள் கேள்விக்குறியாகிவிடுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன்னர், என் பொறுப்பிலிருந்த பாடசாலையில் வைத்தியப் பரிசோதனை நடைபெற்றது. மாணவர்கள் தத்தம் சுகாதார விருத்திப் பதிவேட்டைக் கொண்டுவர வேண்டும் என்று முன்னரே அறிவித்திருந்தோம். ஒரு சிறுமி மட்டும் வெறுங்கையுடன் நின்றாள். விசாரித்தபோது, "அது அப்பா வீட்டில் இருக்குது, சேர். நான் இப்ப அம்மாவோடை இருக்கிறன்" என்றாள். இரண்டு வீடுகளுக்கும் இடையே அரை மைல் தூரமும் இராது. தாய் போய்க் கேட்கமாட்டார்; தகப்பன் கொண்டுவந்து கொடுக்கமாட்டார். பாடசாலை விட்டபின் நானே சென்று அதனை வாங்கிவந்தேன். எனக்கு அதற்குப் பத்து நிமிடம் பிடித்தது. அப்பெற்றோருக்கோ ஒரு வருடம் போதவில்லை.

அரை மைல் தூரத்திலேயே இத்தகைய இடர்ப்பாடு நேருமாயின், பெற்றோரில் ஒருவர் கடற்படைக் கப்பலிலும் மற்றவர் ஈராயிரம் மைலுக்கு அப்பாலும் வாழும் குடும்பங்களில் பிள்ளையின் வைத்திய உரிமை என்னாகும்? இக்கேள்விக்கு விரிவாகச் சட்டம் வகுத்து விடை கண்ட நாடு ஐக்கிய அமெரிக்கா. அந்நாட்டுப் படைவீரரின் பிள்ளைகள், தாய் தந்தையர் விவாகரத்துச் செய்துகொண்ட பின்னர், எவ்வாறு வைத்திய வசதி பெறுகின்றனர் என்பதே இன்றைய பேச்சின் பொருள். இது நமக்கு முற்றிலும் அந்நியமான செய்தியும் அன்று. 2009ஆம் ஆண்டு தொடக்கம் 2016 வரை, அந்நாட்டுப் படைகள் நிரந்தரக் குடியுரிமை பெறாத வெளிநாட்டாரையும் மொழித் திறமை நோக்கிச் சேர்த்துக்கொண்ட ஒரு திட்டம் இருந்தது. அம்மொழிகளின் வரிசையிலே தமிழும் இருந்தது, சிங்களமும் இருந்தது. ஆதலின், நம் மொழி பேசும் இல்லங்களிலும் இக்கேள்வி எழ இடமுண்டு.

முதலில் இவ்வுரிமை எங்ஙனம் தோன்றிற்று என்று சுருக்கமாகப் பார்ப்போம். 1884ஆம் ஆண்டில் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு விதி செய்தது. இராணுவ வைத்தியர்கள் இயலும்போதெல்லாம் உத்தியோகத்தரினதும் போர்வீரரினதும் குடும்பத்தாரைக் கட்டணமின்றிக் கவனிக்க வேண்டும் என்பது அவ்விதி. "இயலும்போதெல்லாம்" என்ற சொல்லிலேயே அதன் பலவீனமும் இருந்தது. வைத்தியருக்கு ஓய்வில்லையெனில் குடும்பத்தாருக்கு உதவியும் இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது, சம்பளத்தில் கீழ்ப்படியிலிருந்த வீரரின் மனைவியருக்கும் பச்சிளங் குழந்தைகளுக்குமென 1943இல் ஓர் அவசரத் திட்டம் வகுக்கப்பட்டது. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட தாய்மாரும் சிசுக்களும் அதனாற் பயன்பெற்றனர். போர் முடிந்தபின் அத்திட்டமும் நின்றது. 1956இல் படைவீரரைச் சார்ந்திருப்போருக்கான வைத்தியச் சட்டம் நிறைவேறியது. 1966இல் அது விரிவாக்கப்பட்டது. 1990ஆம் ஆண்டுகளில் அது ட்ரைகேர் என்னும் பெயருடன் இன்றைய உருவைப் பெற்றது. இப்பொழுது ஏறக்குறைய 95 இலட்சம் பேர் அதன் நிழலில் இருக்கின்றனர்.

இத்திட்டத்தின் நடுநாயகமாக நிற்பவர் படைவீரரே. அவரை "ஸ்பொன்சர்" என்று அங்கே அழைப்பர். நாம் பொறுப்பாளர் என்று சொல்லிக்கொள்வோம். மனைவியோ, கணவனோ, பிள்ளையோ பெறும் உரிமை யாவும் அப்பொறுப்பாளரின் சேவையிலிருந்தே பிறக்கிறது. ஆகவே, குடும்பம் பிரியும்போது நாம் கேட்க வேண்டிய முதற் கேள்வி, இந்தப் பிள்ளை அப்பொறுப்பாளருடன் எந்தக் கயிற்றினாற் பிணைக்கப்பட்டிருக்கிறது என்பதேயாகும்.

ஓர் உதாரணம் கொண்டு விளக்குகிறேன். கற்பனைக் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தந்தை கடற்படை மாலுமி. கலிபோர்னியா மாநிலத்துச் சன் டியேகோத் துறைமுகத்தில் சேவை செய்கிறார். அவருக்கும் மனைவிக்கும் ஆறு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். அவளுக்கு இழுப்பு நோய். மனைவியின் முதல் விவாகத்திற் பிறந்த பன்னிரண்டு வயது மகன் ஒருவனும் அவ்வீட்டில் வளர்கிறான். எட்டாண்டு இல்லறத்தின் பின் இருவரும் விவாகரத்துச் செய்கின்றனர். தாய் இரு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, தன் பெற்றோர் வாழும் ஒகையோ மாநிலத்துக்குச் செல்கிறார். நேற்றுவரை நால்வரும் ஒரே திட்டத்தின் கீழ் இருந்தனர். தீர்ப்பு வழங்கப்பட்ட பின் யார் யார் எஞ்சியிருப்பர்?

மகளைப் பற்றி எவ்வித ஐயமும் இல்லை. படைவீரர் பெற்ற பிள்ளையின் உரிமையும், அவர் சட்டப்படி சுவீகாரம் எடுத்த பிள்ளையின் உரிமையும் விவாகரத்தினால் ஒருபோதும் அற்றுப்போவதில்லை. பிள்ளை தாயுடன் வாழ்ந்தாலும் சரி, தந்தையுடன் வாழ்ந்தாலும் சரி, பெற்றோர் மறுமணம் செய்தாலும் சரி, அவ்வுரிமை நிலைக்கும். கணவன் மனைவி என்னும் கயிறு அறுந்தது. தந்தை மகள் என்னும் கயிறு அறவில்லை. சட்டம் பிடித்துக்கொள்வது இந்த இரண்டாவது கயிற்றையே.

தாயின் நிலை வேறு. அவரை அத்திட்டத்துடன் பிணைத்தது விவாகம் ஒன்றே. 1982ஆம் ஆண்டுச் சட்டம் முன்னாள் வாழ்க்கைத் துணைவருக்கு ஒரு வழி திறந்தது உண்மை. ஆயினும் அவ்வழி ஒடுக்கமானது. விவாகம் 20 ஆண்டு நிலைத்திருக்க வேண்டும். படைச்சேவை 20 ஆண்டு நிறைந்திருக்க வேண்டும். அவ்விரண்டும் 20 ஆண்டு ஒன்றோடொன்று பொருந்தியிருக்கவும் வேண்டும். அப்பொருத்தம் 15 ஆண்டுக்குக் குறையாது 20 ஆண்டை எட்டாதிருந்தால், ஒரு வருடத்துக்கு மட்டும் உரிமை நீடிக்கும். நமது உதாரணத் தாய்க்கு எட்டாண்டே ஆனமையால், இவ்விரண்டும் கிட்டா. அவர் 60 நாட்களுக்குள் விண்ணப்பித்து, தம் பணத்தைச் செலுத்தி, 36 மாதம்வரை ஒரு தற்காலிகக் காப்புறுதியைப் பெறலாம். இயலாதெனில், தாம் செய்யும் தொழில் மூலமாக வேறு காப்புறுதியைத் தேட வேண்டும்.

பலரும் கவனியாது விடும் இடம் பன்னிரண்டு வயது மகனுடையது. அவன் அம்மாலுமியின் மாற்றான் பிள்ளை. விவாகம் இருந்த காலத்தில் அவனுக்கும் தங்கைக்கும் வைத்தியசாலையில் எந்த வேற்றுமையும் இருக்கவில்லை. ஆனால், அவனைப் பிணைத்த கயிறும் அவ்விவாகமே. அம்மாலுமி அவனைச் சுவீகாரம் எடுத்திராவிட்டால், விவாகரத்து முடிவான அன்றே அவனுடைய உரிமையும் முடிந்துவிடும். எட்டாண்டு "அப்பா" என்று அழைத்தான் என்பதைச் சட்டம் கணக்கில் எடுப்பதில்லை. ஒரே வீட்டில், ஒரே மேசையில் உண்ட இரு பிள்ளைகளில் ஒருத்திக்கு அட்டை உண்டு, ஒருவனுக்கு இல்லை.

ஆகையால், அத்தகைய பிள்ளைக்குத் தீர்ப்புக்கு முன்னரே வழி தேட வேண்டும். மேற்சொன்ன 36 மாதக் காப்புறுதியை அவனுக்கும் வாங்கலாம். வருமானம் குறைந்த இல்லமாயின் மெடிக்கெய்ட் என்னும் அரசாங்க உதவிக்கு விண்ணப்பிக்கலாம். 1997இல் பிள்ளைகளுக்கெனவே நிறுவப்பட்ட காப்புறுதித் திட்டமும் உண்டு. தாயின் புதிய வேலைத்தலத்துக் காப்புறுதியில் அவனைச் சேர்க்கலாம். வழிகள் பல உள. ஆனால் அவற்றுட் சிலவற்றுக்குத் தவணை உண்டு. தவணை தப்பினால் வாசல் மூடப்படும்.

இனி, உரிமை நிலைத்த மகளிடமே மீள்வோம். உரிமை இருக்கிறது என்று சொல்லிவிட்டு நாம் எழுந்துபோக முடியாது. சட்டத்தில் இருக்கும் உரிமை வைத்தியசாலைக் கருமபீடத்துக்கு வந்துசேர வேண்டுமாயின், இடையே ஓர் இடாப்பு உண்டு. டீர்ஸ் எனப்படும் அவ்விடாப்பிலே படைவீரர், குடும்பத்தார் அனைவருடைய பெயரும் பதியப்பட்டிருக்கும். வைத்தியசாலையும் மருந்துச்சாலையும் முதலில் நோக்குவது அதனையே. அதில் ஒருவரைச் சேர்க்கவும் நீக்கவும் வேண்டுமெனின், பொறுப்பாளரே அதனைச் செய்தல் வேண்டும். விவாகரத்துத் தீர்ப்பின் பிரதியை அவர் அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். அவர் நேரில் வரமுடியாத தூரத்திலே இருந்தால், முறைப்படி கையொப்பமிட்ட விண்ணப்பப் பத்திரமோ அற்றோர்னித் தத்துவமோ வேண்டும். கப்பல் புறப்படுவதற்கு முன் இக்கையொப்பத்தை வாங்கத் தவறிய தாய், கப்பல் திரும்பும்வரை காத்திருக்க நேரலாம். இழுப்பு நோய் அதுவரை காத்திராது.

அடுத்தது அடையாள அட்டை. பெற்றோர் ஒன்றாக வாழும் காலத்தில் சிறு குழந்தைக்குத் தனி அட்டை தேவைப்படுவதில்லை. பெற்றோரின் அட்டையே போதும். ஆனால், தாயின் அட்டை விவாகரத்துடன் செல்லாததாகிவிட்டது. இனி அவ்வட்டையைக் காட்டி மகளுக்கு மருந்து வாங்க இயலாது. ஆகவே, உரிமையற்ற பெற்றோருடன் வாழும் பிள்ளைக்கு, அது எவ்வளவு சிறிதாயினும், தன் பெயரிலேயே தனி அட்டை பெற்றுக்கொடுக்க வேண்டும். ஆறு வயதுச் சிறுமிக்குப் படமொட்டிய அட்டையா என்று நகைத்தல் கூடாது. அந்த வீட்டில் அவளுக்கு மருந்து வாங்கித்தருவது அந்த அட்டையே.

மூன்றாவது, இடமாற்றம். ட்ரைகேர் திட்டம் நாட்டினுள்ளே கிழக்கு, மேற்கு என இரு வலயங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. தந்தையின் சன் டியேகோ மேற்கு வலயம். மகள் சென்ற ஒகையோ கிழக்கு வலயம். திட்டத்துள்ளும் இரு பிரதான முறைகள் உள. பிரைம் என்னும் முறையில் பிள்ளைக்கென ஒரு வைத்தியர் குறிக்கப்படுவார். அவர் அனுப்பினாலன்றி விசேட வைத்தியரிடம் செல்லலாகாது. செலவோ மிகச் சொற்பம். செலெக்ட் என்னும் முறையில் வைத்தியரைத் தாமே தெரிந்துகொள்ளலாம்; செலவில் ஒரு பங்கைத் தாமே ஏற்கவும் வேண்டும். சன் டியேகோ வைத்தியரின் பெயரில் பதிந்த சிறுமி ஒகையோவில் வாழ்வாளாயின் பயன் என்ன? ஒரே குடும்பத்தவர் வெவ்வேறு வலயங்களிற் பதிந்திருக்க விதிகள் இடந்தருகின்றன. விவாகரத்தும் இடமாற்றமும் வாழ்க்கை நிலை மாற்றங்கள் எனக் கொள்ளப்படுவதால், அந்நாளிலிருந்து 90 நாட்களுக்குள் முறையையும் வலயத்தையும் மாற்றிக்கொள்ளலாம். அதனைத் தவறவிட்டால், வருடத்துக்கொரு முறை வரும் பதிவுக்காலம் வரை காத்திருக்க நேரலாம். இரு முறைகளில் எதிலுமே பதியாத பிள்ளைக்குப் படை வைத்தியசாலையில் இடமிருந்தால் மட்டுமே சிகிச்சை. 1884ஆம் ஆண்டின் "இயலும்போதெல்லாம்" என்ற சொல் இங்கே மீண்டும் தலைகாட்டுகிறது.

பணம் பற்றிய பேச்சுக்கு வருவோம். பிணக்கு மிகுதியாக எழுவது இங்கேதான். பிள்ளையை யார் வளர்ப்பது, வைத்தியச் செலவில் திட்டம் ஏற்காத பங்கை யார் கொடுப்பது என்பவற்றை மாநில நீதிமன்றம் தீர்மானிக்கும். ஆனால், யார் ட்ரைகேர் உரிமை பெறுவர் என்பதை நடுவண் அரசின் சட்டமே தீர்மானிக்கும். மாற்றான் பிள்ளைக்கும் ட்ரைகேர் தொடர வேண்டும் என்று ஒரு தீர்ப்பில் எழுதினாலும், அதனால் இல்லாத உரிமை பிறவாது. சட்டத்தரணிகள் சிலர் இதனை மறந்து ஒப்பந்தம் வரைந்தால், பின்னர் வருந்துவது குடும்பமே. அவ்வாறே, செலவில் பாதியைத் தந்தை கொடுப்பார் என்று தீர்ப்பில் இருப்பினும், வைத்தியசாலை தன் கட்டணத்தைப் பிள்ளையை அழைத்துவந்தவரிடமே கேட்கக்கூடும். கொடுத்தவர் மற்றவரிடமிருந்து தம் பங்கைத் தாமே பெற்றுக்கொள்ள வேண்டும். ஆதலின் பற்றுச்சீட்டுகளைப் பத்திரப்படுத்துதல் அவசியம். கையிலிருந்து பணங் கொடுத்திருந்தால், உள்நாட்டுச் சிகிச்சைக்கு ஓராண்டுக்குள் கோரிக்கை அனுப்பினாலன்றி அது மீளாது. மேலும், தாயின் வேலைத்தலத்துக் காப்புறுதியிலும் மகளைச் சேர்த்திருந்தால், அதுவே முதலிற் கொடுக்கும். எஞ்சியதைத்தான் ட்ரைகேர் நோக்கும். மெடிக்கெய்ட் போன்ற சில உதவிகளுக்கு மட்டும் இவ்வொழுங்கு தலைகீழாகும்.

தாயும் தந்தையும் இருவருமே படைச்சேவையில் இருப்பதும் உண்டு. அப்போது பிள்ளை இருவரில் ஒருவரின் பெயரிலேயே பதியப்படும். ஒரே வேளையில் இருவர் பெயரிலும் பதிய முடியாது. விவாகரத்தின்போது, பிள்ளை யாருடன் வாழுமோ அவர் பெயருக்கு மாற்றிக்கொள்வது வசதியாக இருக்கும். ஒருவர் சேவையை விட்டு விலக இருந்தால் இது இன்னும் அவசியமாகிறது.

சேவையை விட்டு விலகுதல் என்று சொன்னேன். விவாகரத்தினால் அறாத கயிறு அங்கேதான் அறக்கூடும். பொறுப்பாளர் இளைப்பாறும் உரிமை பெறுமுன்னரே படையை விட்டால், பிள்ளையின் உரிமையும் அவருடன் சென்றுவிடும். சிலருக்கு 180 நாள் இடைக்கால வசதி உண்டு, யாவருக்கும் அன்று. தந்தை படையை விட்ட செய்தியை ஒகையோவிலுள்ள தாய் மருந்துச்சாலையில் அறிந்துகொள்வதிலும் பார்க்க, முன்னரே எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துக்கொள்வது நன்று. மாறாக, பொறுப்பாளர் முழுநேரச் சேவையில் உயிர் துறந்தால் பிள்ளையைத் திட்டம் கைவிடுவதில்லை. வயதெல்லை வரும்வரை அதன் உரிமை தொடரும்.

அவ்வயதெல்லை யாது? பொதுவாக 21. முழுநேரக் கல்லூரி மாணவராயின், 23 வயது நிறையும்வரை அல்லது முழுநேரக் கல்வி முடியும்வரை, இவற்றில் எது முந்துகிறதோ அதுவரை. இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அம்மாணவரின் வாழ்க்கைச் செலவில் பாதிக்கு மேற்பட்டதைப் பொறுப்பாளரே தாங்க வேண்டும். பிரிந்துவாழும் குடும்பத்தில் இந்நிபந்தனை எளிதன்று. ஆறு வயது மகளுக்காக இன்று வரையும் ஒப்பந்தத்தில், பதினைந்து ஆண்டுக்குப் பின் அவள் கல்லூரிக்குச் செல்லும் நாளையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது இதனாற் புலனாகும். அதன்பின்னும், மணமாகாதவராயின் 26 வயதுவரை மாதக் கட்டணம் செலுத்திப் பெறத்தக்க ஒரு முறை 2011இல் ஏற்பட்டது. உரிமைக் காலத்துக்குள்ளேயே தன்னைத்தான் தாங்கமுடியாத உடற்குறையோ மனக்குறையோ நேர்ந்த பிள்ளைக்கு, வயதெல்லைக்கு அப்பாலும் உரிமை நீடிக்கக்கூடும். அதற்கும் உரிய காலத்திலே அத்தாட்சி காட்ட வேண்டும்.

நேயர்களே, இவ்வளவும் கேட்டபின் ஒரு வேற்றுமை உங்கள் மனத்திற் பட்டிருக்கும். நமது நாட்டிலே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லும் பிள்ளையிடம், உன் தகப்பன் யாரிடம் வேலை செய்கிறார், உன் தாய் அவருக்கு இன்னும் மனைவியா என்று எவரும் கேட்பதில்லை. அங்கேயோ, வைத்திய உரிமை பெரும்பாலும் தொழிலோடு பிணைந்தது. அந்நிலையிலும், விவாகம் முறிந்தாலும் பெற்ற பிள்ளையைக் கைவிடலாகாது என்னும் நியாயத்தை அந்நாட்டுச் சட்டம் காத்திருக்கிறது. அது மெச்சத்தக்கது. மாற்றான் பிள்ளையை அது வெளியே நிறுத்துவதோ எண்ணிப் பார்க்கத்தக்கது.

ஆயினும், எந்நாட்டுச் சட்டமும் ஓரளவுக்குமேல் செல்லமாட்டாது. கோபங்கொண்ட தந்தை தன் சொந்த மகளின் உரிமையை அழிக்க முடியாது. ஆனால் ஒரு கையொப்பத்தைத் தாமதித்து அதனை முடக்கி வைக்கலாம். மனம் புண்பட்ட தாய் அவ்வுரிமையை இழக்கச் செய்ய முடியாது. ஆனால் அவரிடம் ஒரு பத்திரம் கேட்க மறுத்து, 90 நாளைக் கழியவிடலாம். இருவரும் ஒருவரோடொருவர் பேச வேண்டிய அவசியம் கூட இல்லை. தீர்ப்பின் பிரதி, பதிவு, அட்டை, விலாசம், தவணைத் திகதிகள் ஆகிய ஐந்தையும் ஒரு தாளில் எழுதி இருவரும் ஒவ்வொரு பிரதி வைத்துக்கொண்டால் போதும்.

அன்று நான் வாங்கிவந்த பதிவேட்டை அச்சிறுமியிடம் கொடுத்தபோது, அவள் அதனைப் பிரித்துப் பார்க்கவில்லை. "இனி இதை எங்கை வைக்கிறது, சேர்?" என்று கேட்டாள். பாடசாலை அலுமாரியில் வைத்துக்கொள்வோம் என்றேன். அவள் என் பாடசாலையை விட்டுப் போகும்வரை அது அங்கேயே இருந்தது.